அணைத்த டார்ச்சும் உறங்காத பாட்டரியும்

2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி மாங்காடு முழுவதும் பரவியிருந்தது. மழை விட்டபாடில்லை. இருட்டிய சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றது. எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பாட்டியைப் பக்கத்துத் தெருவிலுள்ள மாடி வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சாக்கடை எது, பாதை எது என்று தெரியாத இருட்டு. காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை.

பரணில் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. அவசரத்துக்கென்றே வைத்திருந்த விளக்கு. ஓராண்டாக ஒருவரும் அதைத் தொடவில்லை. எனவே பாட்டரி முழுமையாக இருக்கும் என்று நம்பிப் பொத்தானைத் தள்ளினேன். எரியவில்லை. அடிமூடியைத் திருகினேன்; அசையவில்லை. துணியைச் சுற்றிப் பலமாகத் திருகித் திறந்தபோது, சுருள்வில்லில் வெண்மையும் பச்சையுமாக உப்புப் படிந்திருந்தது. இரண்டு பாட்டரிகளும் கசிந்து குழலோடு ஒட்டிப் போயிருந்தன.

கடைசியில் எதிர்வீட்டுப் பெரியவர்தாம் வெளிச்சம் காட்டினார். மல்லிகைத் தோட்டத்திலும் வயலிலும் இருட்டில் நடந்து பழகியவர் அவர். பழைய பித்தளை டார்ச்சும், காகிதத்தில் தனியே சுற்றி வைத்த இரண்டு பாட்டரிகளும் அவரிடம் இருந்தன. பாட்டியை மாடியில் சேர்த்த பிறகு அவர் என்னிடம் கேட்டார்: “அணைச்சு வெச்சா அது சும்மா கெடக்கும்னு நெனச்சியா தம்பி? பாட்டரி தன்னைத் தானே தின்னுடும்பா.”

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது தெரியாத செய்தியன்று. ஆனால் கரும்பலகையில் எழுதிய பாடம் என் வீட்டுப் பரணை எட்டவில்லை. பெரியவர் ஒரு வரியில் சொன்ன அந்த உண்மையோடு அறிவியலறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்திருக்கின்றனர். உலர் மின்கலத்தின் வரலாறே ஒருவகையில் அந்தப் போராட்டத்தின் வரலாறுதான். அதை இங்கே காண்போம்.

சுவிட்சு எதைத் தடுக்கிறது?

டார்ச்சை அணைக்கும்போது நாம் செய்வது என்ன? பாட்டரியிலிருந்து பல்புக்குச் செல்லும் பாதையை ஓரிடத்தில் துண்டிக்கிறோம். வெளிச்சுற்றில் ஓட்டம் நிற்கிறது. ஆனால் பாட்டரியின் உள்ளே எதுவும் துண்டிக்கப்படுவதில்லை. துத்தநாகமும் அதனை அரிக்கும் உப்புக் குழம்பும் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கின்றன. கடையில் அடுக்கி வைத்திருக்கும்போதும், பரணில் கிடக்கும்போதும், அவ்வினை மெதுவாக நடந்துகொண்டேயிருக்கிறது. சுவிட்சுக்கு அங்கே அதிகாரமில்லை.

இந்தக் குறை மின்கலத்துடனேயே பிறந்தது. 1800 ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, துத்தநாகத் தட்டையும் வெள்ளித் தட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து முதல் மின்னடுக்கை அமைத்தார். அதன் பின் வந்தவர்கள் உப்புநீருக்குப் பதிலாகக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினர். ஓட்டம் வலுத்தது, கூடவே தொல்லையும் வளர்ந்தது. கம்பியை இணைக்காதபோதும் துத்தநாகத்தின் மேல் குமிழிகள் எழுந்தன. தட்டு வீணாகக் கரைந்தது.

காரணத்தை 1830 ஆம் ஆண்டில் ஜெனீவா அறிஞர் தெலரீவ் விளக்கினார். தூய துத்தநாகம் அமிலத்தில் மெல்லக் கரைகிறது. கலப்புள்ள துத்தநாகம் விரைவாகக் கரைகிறது. கடைத் துத்தநாகத்தில் இரும்பு போன்ற பிற உலோகத் துகள்கள் கலந்திருக்கும். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள துத்தநாகத்தோடு சேர்ந்து ஒரு குட்டி மின்கலமாகிவிடுகிறது. அதற்கு வெளிக்கம்பி தேவையில்லை, தட்டே கம்பியாகிறது. ஆயிரக்கணக்கான குட்டி மின்கலங்கள் எவருக்கும் பயனின்றி இரவும் பகலும் இயங்கித் தட்டைத் தின்கின்றன. இதனைப் பாடநூல்கள் உள்ளிட நிகழ்ச்சி என்று குறிப்பிடும்.

தட்டைத் தூக்கி வைத்த காலம்

இதைத் தடுக்க அக்காலத்தில் இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, துத்தநாகத்தின் மேல் பாதரசத்தைப் பூசுவது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டர்ஜன் 1830 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையைப் பரப்பினார். பாதரசப் பரப்பில் ஹைட்ரஜன் எளிதில் வெளிப்படுவதில்லை. ஹைட்ரஜன் வெளிப்படாவிட்டால் அரிப்பும் நடவாது. மேலும், பாதரசம் துகள்களை மூடி, பரப்பு முழுவதையும் ஒரே சீராக்கிவிடுகிறது. இந்தப் பாதரசம் பின்னர் நம் கதையில் மீண்டும் வரும்.

மற்றொரு வழி மிக எளியது. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் கிரெனே புட்டி என்றொரு மின்கலம் புழக்கத்துக்கு வந்தது. கண்ணாடிப் புட்டியில் அமிலமும் டைகுரோமேட்டும் கலந்த கரைசல்; அதில் கரித் தட்டுகள்; அவற்றின் நடுவே ஒரு தண்டில் தொங்கும் துத்தநாகத் தட்டு. வேலை முடிந்ததும் தண்டை மேலே இழுத்துவிட வேண்டும். துத்தநாகம் கரைசலைவிட்டு வெளியே வந்துவிடும். நம் டார்ச்சின் சுவிட்சு வெளிச்சுற்றைத் துண்டிக்கிறது. கிரெனேயின் தண்டோ வினையையே துண்டித்தது. ‘அணைத்தல்’ என்பது முழுமையாக நடந்த மின்கலம் அதுவே எனலாம். ஆனால் அமிலப் புட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போக முடியுமா?

தந்தி நிலையங்களில் இருந்த தொல்லை வேறு வகையானது. இந்தியாவில் 1855 ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் தந்தி திறக்கப்பட்டது. பின்னர் நம் நாட்டுத் தந்தி நிலையங்களில் டேனியல் மின்கலத்தின் ஒரு வகையான மினோட்டோ மின்கலம் பரவலாகப் பயன்பட்டது. இவ்வகைக் கலங்களில் ஓட்டம் பாயாமல் சும்மா விட்டால், செம்புக் கரைசல் மெல்லப் பரவித் துத்தநாகத்தை அடைந்து அதைக் கெடுத்துவிடும். ஓயாமல் உழைக்கும் தந்திக்கு அது பொருந்தியது. என்றோ ஒருநாள் ஒலிக்கும் அழைப்பு மணிக்குப் பொருந்தவில்லை.

லெக்லாஞ்சியும் காஸ்னரும்

1866 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் லெக்லாஞ்சி ஒரு புதிய கலத்தை அமைத்தார். அமிலத்துக்குப் பதிலாக நவச்சாரக் கரைசல். கரித்தண்டைச் சுற்றி மாங்கனீஸ் டையாக்சைடு. இக்கலத்தின் சிறப்பு அதன் வலிமையன்று. தொடர்ந்து ஓட்டம் எடுத்தால் அது விரைவில் களைத்துப் போகும். ஆனால் சும்மா இருக்கும்போது நவச்சாரம் துத்தநாகத்தை மிக மெதுவாகத்தான் அரிக்கும். மாதக்கணக்கில் காத்திருந்து, கூப்பிட்டபோது வேலை செய்யும் முதல் வேலைக்காரன் இதுவே. பெல்ஜியத் தந்தித் துறை உடனே ஏற்றுக்கொண்டது. அழைப்பு மணியும் தொலைபேசியும் இதனை நம்பி வளர்ந்தன.

ஆயினும் அது ஈரக் கலம், கவிழ்த்தால் கொட்டிவிடும். ஜெர்மனியில் மைன்ஸ் நகரைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் 1886 இல் அதனை உலர் மின்கலமாக மாற்றிக் காப்புரிமை பெற்றார். கரைசலைப் பாரிஸ் சாந்தோடு குழைத்துக் களியாக்கினார். துத்தநாகத்தையே கிண்ணமாக வடித்து எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தார். இத்துடன் அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. களியில் துத்தநாகக் குளோரைடையும் சேர்த்தார். சும்மா இருக்கும்போது நடக்கும் அரிப்பை அது குறைத்தது. கடையில் அடுக்கி விற்கத் தக்க பண்டமாக மின்கலம் மாறியதற்கு இச்சிறு மாற்றமும் ஒரு காரணம்.

மினுக்கிட்டு மறைந்த விளக்கு

இத்தகைய கலங்களைக் குழலில் அடுக்கி, முனையில் பல்பைப் பொருத்திய கைவிளக்குக்கு 1899 ஜனவரியில் அமெரிக்காவில் டேவிட் மிசெல் காப்புரிமை பெற்றார். ருஷியாவிலிருந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம் அதனை விற்றது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய எவரெடி என்ற பெயர் அந்நிறுவனத்தின் வழியில் வந்ததே. அன்றைய பல்பின் இழை கரியால் ஆனது. மின்சாரத்தை அதிகம் குடிக்கும். கலமோ விரைவில் களைக்கும். எனவே ஒரு நொடி மினுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். அமெரிக்கர்கள் அதற்கு மினுக்கு விளக்கு என்னும் பொருள்படப் பெயர் வைத்ததும் இதனால்தான். 1910 ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை பல்பு வந்த பிறகே நீண்ட நேரம் எரியும் டார்ச் சாத்தியமாயிற்று.

இந்தியாவில் முதலில் இறக்குமதிச் சரக்காகத்தான் உலர் மின்கலம் விற்கப்பட்டது. 1934 இல் கல்கத்தாவில் எவரெடி கம்பெனி பதிவு செய்யப்பட்டது. 1952 இல் சென்னையிலும் அதன் ஆலை எழுந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அவ்வாலையை வடசென்னை மக்கள் நன்கறிவர். 1959 இல் யூனியன் கார்பைடு இந்தியா எனப் பெயர் மாறியதும், 1984 இல் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதும் அதே நிறுவனத்தின் வரலாற்றில்தான். 1972 இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இண்டோ நேஷனல் நிறுவனத்தின் நிப்போ பாட்டரி, தமிழக வீடுகளில் மற்றொரு பழகிய பெயராயிற்று.

மின்சாரம் எட்டாத ஊர்களில் டார்ச்சும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் பாட்டரியை நம்பியே இருந்தன. தீர்ந்துபோன பாட்டரிகளை முற்றத்தில் வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்க்காத வீடு உண்டா? சிறிது நேரம் எரியவும் செய்யும். வெப்பத்தால் களியில் அயனிகள் விரைந்து நகர்கின்றன, அகமின்தடை குறைகிறது. அதனால் மிச்சமிருந்த கொஞ்ச ஆற்றல் வெளியே வருகிறது. புதிய ஆற்றல் எதுவும் வெயிலிலிருந்து பாட்டரிக்குள் ஏறுவதில்லை. அதே வெப்பம் அரிப்பையும் விரைவுபடுத்துகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

வெப்பம் என்னும் எதிரி

வேதிவினைகளின் வேகம், பொதுவாக வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்காகும். குளிர்நாட்டில் 20 பாகையில் ஈராண்டு தாங்கும் பாட்டரி, சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரணில் அவ்வளவு காலம் தாங்காது. இந்த உண்மை இரண்டாம் உலகப் போரில் உறைத்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய உலர் மின்கலங்கள், பயன்படுத்தும் முன்பே கிடங்கில் செத்துப் போயின. இதற்கு விடையாகச் சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் பாதரச ஆக்சைடு மின்கலத்தை உருவாக்கினார்.

வெப்பநாடான நமக்கும் இச்சிக்கல் உரியதே. காரைக்குடியில் மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பும் மின்கலமும் ஒரே கூரையின் கீழ் ஆராயப்பட்டது பொருத்தமே. பாட்டரி சும்மா இருந்து கெடுவதும் ஓர் அரிப்புதானே! மக்னீசிய மின்கலங்களைப் பற்றியும் அங்கே ஆய்வுகள் நடந்தன. மக்னீசியத்தின் மேல் தானாகவே ஒரு படலம் படிந்து, வெப்பத்திலும் அதைக் காக்கும். ஆனால் ஒருமுறை பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் படலம் உடைந்து அரிப்பு விரையும். எனவே எடுத்து எடுத்து வைக்கும் டார்ச்சுக்கு அது ஏற்றதன்று. உலர்ந்த நிலையில் வைத்திருந்து, தேவைப்படும் கணத்தில் தண்ணீர் ஊற்றி உயிர்ப்பிக்கும் மக்னீசியக் கலங்கள் வானிலை பலூன்களில் பயன்பட்டன. கிரெனேயின் பழைய தந்திரம் புது வடிவில் வந்ததென்று கொள்ளலாம்.

பாதரசம் தந்ததும் எடுத்ததும்

சும்மா நடக்கும் அரிப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஃபாரடே விதிப்படி ஓர் ஆம்பியர்-மணி மின்சாரத்துக்குச் சுமார் 1.2 கிராம் துத்தநாகம் செலவாகும். அதே 1.2 கிராம் வீணாக அரிக்கப்பட்டால், மின்சாரம் கிடைப்பதற்குப் பதிலாகச் சுமார் 450 மில்லி லிட்டர் ஹைட்ரஜன் வெளிப்படும். அதில் பத்தில் ஒரு பங்கு வெளிப்பட்டாலும் மூடிய கலத்தினுள் அழுத்தம் ஏறும். கிண்ணத்தில் அரிப்பால் ஓட்டை விழுந்துவிட்டால் களி பிதுங்கி வெளியேறும். என் டார்ச்சில் நான் கண்ட உப்பு அதுவே.

வாயுவை அடக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாதரசமே மருந்தாயிருந்தது. ஒரு பாட்டரியில் உள்ளது சிறிதளவே. ஆனால் கோடிக்கணக்கான பாட்டரிகள் குப்பையிலும் குளத்திலும் வீசப்பட்டன. ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலைக்கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்களை முடக்கியது 1956 இல் வெளிப்பட்டது. 2001 இல் கொடைக்கானல் வெப்பமானி ஆலை மூடப்பட்டபோது பாதரசத்தின் அபாயம் தமிழகத்தின் வாசலுக்கே வந்துவிட்டதை உணர்ந்தோம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் உருவாகி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. 2018 இல் இந்தியா அதனை உறுதிசெய்தது. இன்று மிகத் தூய துத்தநாகமும், சிறிதளவு இண்டியம், பிஸ்மத் போன்ற உலோகங்களும் பாதரசத்தின் இடத்தைப் பிடித்துள்ளன. தெலரீவ் சொன்ன தூய்மைக்கே சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம்.

1959 இல் கடைக்கு வந்த அல்கலைன் மின்கலம் 20 பாகை செல்சியசில் ஆண்டுக்கு 2 அல்லது 3 விழுக்காடு ஆற்றலையே இழக்கிறது. சாதாரணத் துத்தநாக-கரி மின்கலத்தின் இழப்பு அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

பெரியவரின் முறை சரியா?

வெள்ளம் வடிந்த பின் எதிர்வீட்டுப் பெரியவரிடம் போய் அவர் வழக்கங்களைக் கேட்டேன். தினமும் பயன்படுத்தும் நாட்களில், இரண்டு பாட்டரிகளில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வைப்பாராம். நாட்பட வைப்பதென்றால் வெளியே எடுத்துவிடுவாராம்.

இரண்டு 1.5 வோல்ட் கலங்கள் எதிரெதிராக இருந்தால் மொத்த மின்னியக்கு விசை சுழி. பைக்குள் பொத்தான் தவறுதலாக நகர்ந்தாலும் பல்பு எரியாது. இரண்டு பாட்டரி டார்ச்சுக்கு இது நல்ல பூட்டு. ஆனால் மூன்று பாட்டரி டார்ச்சில் ஒன்றைத் திருப்பினால் 1.5 வோல்ட் மிச்சமிருக்கும். பொத்தான் நகர்ந்தால் ஓட்டம் பாயும். திரும்பியுள்ள கலத்தினுள் அது தலைகீழாகச் செலுத்தப்பட்டுக் கசிவை உண்டாக்கும். அங்கே இந்த முறை கூடாது.

வெளியே எடுத்து வைத்தால்? பொத்தான் தவறுவதால் வரும் இழப்பு நின்றுவிடும். கசிந்தாலும் டார்ச் தப்பும். ஆனால் பாட்டரி தப்பாது. காகிதத்துக்குள்ளும் அது தன்னைத் தின்றுகொண்டுதான் இருக்கும். அப்படியானால் அன்றிரவு அவர் விளக்கு எரிந்தது எப்படி? அதையும் கேட்டேன். “தீபாவளி சாமானோட ரெண்டு புதுசு வாங்கிடுவேன் தம்பி. மழைக்காலம் வருதில்ல?” என்றார். அவர் விளக்கைக் காத்தது பாதி காகிதம், பாதி அந்தத் தீபாவளி வழக்கம்.

இன்றைய டார்ச்

இன்று எல்.இ.டி. டார்ச்சுகள் வந்துவிட்டன. பல்பு செலவாக்கும் மின்சாரம் குறைந்தது. ஆனால் ஒரு புதிய கசிவு முளைத்துள்ளது. மென்மையாகத் தொட்டால் எரியும் பொத்தான் உள்ள விளக்குகளில், பொத்தான் அழுத்தப்படுவதை அறிய ஒரு சிறு மின்சுற்று எப்போதும் விழித்திருக்கிறது. அது 20 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால், 2500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட அல்கலைன் கலத்தைத் தீர்க்க 14 ஆண்டுகள் ஆகும், கவலையில்லை. மட்டமான சுற்று 1 மில்லி ஆம்பியர் எடுத்தாலோ 104 நாட்களில் தீர்ந்துவிடும். ஒரு முறைகூட ஏற்றாமலே!

மின்னூட்டிப் பயன்படுத்தும் விளக்குகளில் ஈய-அமிலக் கலம் இருந்தால், தீர்ந்த நிலையில் அதை விட்டுவைக்கலாகாது. தட்டுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து கலம் பாழாகும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மின்னூட்ட வேண்டும். லித்தியம் கலம் நீண்ட நாள் சும்மா இருப்பதானால் பாதியளவு ஊட்டிக் குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.

வாசகர்கள் நினைவில் வைக்கத் தக்கவை சிலவே. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்காத டார்ச்சிலிருந்து பாட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். கையருகில் ஆயத்தமாக இருக்க வேண்டிய விளக்கானால், பாட்டரிக்கும் மூடிக்கும் இடையே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளைச் செருகி வையுங்கள். வேண்டும்போது உருவிவிடலாம். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். பழையது முதலில் தீர்ந்து கசியும். பரணும் அடுப்பு மேடையும் வேண்டாம். தரையை ஒட்டிய அலமாரியே குளுமையானது. கசிந்த உப்பை வெறுங்கையால் தொடாதீர்கள். பாட்டரியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

இவையனைத்தும் செய்தாலும் உள்ளே நடக்கும் அரிப்பைத் தாமதப்படுத்தலாமேயன்றி நிறுத்த இயலாது. ஆகவே சோதித்துப் பார்ப்பதே கடைசிக் காவல். எங்கள் வீட்டு டார்ச் இப்போது கூடத்துக் கதவருகே ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று தாளை உருவி ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறோம். ஐப்பசி பிறந்ததும் புதிய பாட்டரிகள் வாங்குகிறோம். அந்தப் பொறுப்பைப் பாட்டி தாமே எடுத்துக்கொண்டார்.